ரிமூவ் வகுப்பு: தோட்டப் பள்ளிக்கும் பட்டணத்துப் பள்ளிக்கும் இடையே ஓர் ஆண்டு



தோட்டப்புறங்களில் வெகுகாலம் வழங்கிவந்த ஒரு பேச்சு உண்டு. ஆறாம் வகுப்பை முடித்த பிள்ளை பட்டணத்துப் பள்ளியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்த யாரேனும் அந்தத் தாயைப் பார்த்து, "உன் மகன் பாரம் ஒண்ணுக்குப் போயிட்டானா?" என்று கேட்பார்கள். தாய் வாளியைப் பார்த்துக்கொண்டே, "இல்லக்கா, அவனை ரிமூவ் பண்ணிட்டாங்க" என்று பதில் சொல்வார்.

கேட்டவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டார். வேலையிலிருந்து ஓர் ஆளை நீக்கினால் என்ன பொருளோ, அதே பொருளைத்தான் இருவரும் மனத்தில் கொண்டிருப்பார்கள். பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பான்.

அந்தச் சொல்லின் பிறப்பு வேறு. இங்கிலாந்தின் பழைய பள்ளிகள் சிலவற்றில் கீழ் வகுப்புகளுக்கும் மேல் வகுப்புகளுக்கும் நடுவே இருந்த ஒரு வகுப்புக்கு 'ரிமூவ்' என்று பெயர். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறுவதையே அச்சொல் அங்கே குறித்தது. அப்பெயர் கப்பலேறி இந்த நாட்டு ஆங்கிலப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. மலாய் மொழியில் அதே வகுப்பைப் 'பெராலிஹான்' என்றார்கள். ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறுதல் என்பது அதன் பொருள். தமிழில் நாம் புகுமுக வகுப்பு என்றோம். மூன்று பெயர்களில் இரண்டு நல்ல பெயர்கள். லயத்து வாசலில் நிலைத்துவிட்டது மற்றொன்று.

அந்த ஓராண்டின் கதையைத்தான் இன்றைய உரையில் சொல்ல முற்படுகிறோம். பள்ளிகளின் வரலாறு என்றால் கட்டடம் எப்போது எழும்பிற்று, தலைமையாசிரியராக யார் யார் இருந்தார்கள் என்று சொல்வது வழக்கம். தோட்டத்து மக்களாகிய நமக்கு அவற்றைவிட முக்கியமானது, ஒரு பள்ளியை விட்டு இன்னொரு பள்ளிக்குள் பிள்ளை காலெடுத்து வைக்கும் அந்த வாசற்படி. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேரை நாம் இழந்தது அங்கேதான்.

இந்நாட்டில் தமிழ்க் கல்வி 1816-ஆம் ஆண்டில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்னும் பள்ளியை ஒட்டித் தொடங்கியது என்பதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அது பட்டணத்துக் கதை. தோட்டப் பள்ளிகள் பரவலாக எழுந்தது ரப்பர் மரங்கள் பரவிய பின்னரே. 1912-ஆம் ஆண்டிலும் அதன் பின் 1923-ஆம் ஆண்டிலும் வந்த தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் ஒரு பள்ளியை நடத்த வேண்டும் என்று விதித்தன. ஆயாக்கொட்டகையைப் போல, மருந்துக்கொட்டகையைப் போல, பள்ளிக்கூடமும் தோட்டத்துக்கு வேண்டிய கொட்டகைகளில் ஒன்றாயிற்று. குடும்பத்தோடு வந்த தொழிலாளர்கள் ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டும் என்பதே அதில் நிர்வாகத்தின் நாட்டம். பிள்ளைகள் படித்து எங்கே போவார்கள் என்ற கேள்வி அதில் எழவே இல்லை.

பல இடங்களில் ஆசிரியராக இருந்தவர் ஒரு கிராணி, அல்லது எழுத்தறிந்த ஒரு கங்காணி. பாடப் புத்தகங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தன. காவிரி எங்கே பிறக்கிறது என்று ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தோட்டத்தின் பின்புறம் ஓடும் ஆறு எந்தப் பட்டணத்தைச் சென்று சேர்கிறது என்று தெரியாது. நான்காம் வகுப்போடு பெரும்பாலான பள்ளிகள் நின்றன. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே கட்டணம் உண்டு, வழியும் தூரம். கிராணிமார் பிள்ளைகள் சிலர் போனார்கள். மற்றவர்கள் பத்து, பதினோரு வயதில் தாயோடு நிரைக்குப் போய் மங்கு துடைத்தார்கள்.

ஆகவே அந்தக் காலத்தில் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு மாறும் சிக்கல் என்று ஒன்று இல்லை. வாசற்படியே இல்லாதபோது தடுக்கி விழுவதெப்படி?

போர் வந்தது. ஜப்பானியர் காலத்தில் எத்தனையோ தோட்டத்துத் தந்தையர் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாமல் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது மறந்துபோன பேச்சாயிற்று. போருக்குப் பின் கல்வி பற்றி ஒன்றன்பின் ஒன்றாக அறிக்கைகள் வந்தன. நமக்கு வேண்டியது 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதையொட்டி 1957-ஆம் ஆண்டு வந்த கல்விச் சட்டமும். சுதந்திரம் கிடைத்த அந்த ஆண்டில் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. அவற்றில் மிகப் பல தோட்டத்துக்குள்ளே இருந்தவை. இந்த அறிக்கையால் அவை நாட்டுக் கல்வி முறைக்குள் தொடக்கப் பள்ளிகளாக இடம்பெற்றன. மலாயும் ஆங்கிலமும் அங்கே பாடங்களாயின. தோட்டத்துப் பிள்ளைக்கு முதன்முறையாக மேலே போக ஒரு வழி சட்டத்தில் எழுதப்பட்டது.

ஆனால் தமிழ் தொடக்கப் பள்ளியின் தொடர்ச்சியாகத் தமிழ் இடைநிலைப் பள்ளி இல்லை. (சிங்கப்பூரில் மட்டும் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் 1960-ஆம் ஆண்டு முதல் உயர்நிலை வகுப்புகள் நடந்தன; அதுவும் 1982-ஆம் ஆண்டில் மூடப்பட்டது.) ஆறாண்டு காலம் கணக்கையும் சுகாதாரத்தையும் தமிழில் படித்த பிள்ளை, பன்னிரண்டு வயது முடிந்ததும் வேறொரு மொழியில் அவற்றைப் படிக்க வேண்டும். நேற்றுவரை 'முக்கோணம்' என்று சொன்னதற்கு இன்று வேறு பெயர். இந்த இடைவெளிக்காகவே ஓராண்டு ஒதுக்கப்பட்டது. பாடச்சுமையைக் குறைத்து, பெரும்பாலும் மொழியையே கற்பித்து, அடுத்த ஆண்டு படிவம் ஒன்றுக்கு அனுப்புவது. அதுதான் ரிமூவ் வகுப்பு.

இது தமிழ்ப் பிள்ளைகளுக்கு என்று தனியாக வைக்கப்பட்டதன்று. சீனத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகளும் அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதற்கும் முன்னால், போருக்கு முந்திய காலத்தில், மலாய்ப் பள்ளியில் நான்காம் வகுப்பை முடித்து ஆங்கிலப் பள்ளிக்கு மாறிய மலாய்ப் பிள்ளைகளுக்காகவும் தனி வகுப்புகள் நடந்தன. 'ஸ்பெஷல் மலாய் கிளாஸ்' என்பது அதன் பெயர். அந்த வகுப்பில் படித்துவிட்டுப் பிற்காலத்தில் பெரிய பதவிகளுக்கு வந்தவர்கள் உண்டு. மொழி மாறும் இடத்தில் மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டும் என்பதை இந்த நாட்டில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரு காலத்தில் அனுபவித்திருக்கிறார்கள். குழாயடியில் நின்ற அந்தத் தாய்க்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் வழி திறந்தாலும் அது குறுகலாகவே இருந்தது. ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தேறியவர்களுக்கே இடைநிலைப் பள்ளியில் இடம். 1964-ஆம் ஆண்டோடு அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. 1965-ஆம் ஆண்டு முதல் தொடக்கப் பள்ளியை முடித்த பிள்ளைகள் தேர்வின்றியே மேலே செல்லலாம்; மூன்றாம் படிவம் வரை, அதாவது பதினைந்து வயது வரை படிக்கலாம் என்றாயிற்று. நம் தோட்டப்புற வரலாற்றில் இதைவிடப் பெரிய கதவு திறந்ததில்லை என்பது எங்கள் கருத்து. அந்த நாளைக் கொண்டாடியதாக எங்கள் தோட்டத்து முதியவர் எவரும் சொல்லக் கேட்டதில்லை. அப்போது தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். அடுத்த மாதம் வேலை இருக்குமா, இந்த வீடு இருக்குமா என்பதே பெரியவர்கள் பேச்சு. 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க முனைந்தது இந்தக் கலக்கத்தில்தான். 1969-ஆம் ஆண்டை ஒட்டி வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டத்தால், குடியுரிமை இல்லாத பல குடும்பங்கள் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போயின. அந்தப் பிள்ளைகளின் பள்ளி மாற்றம் கடலைத் தாண்டியதாக அமைந்தது.

அடுத்து மொழியும் மாறியது. 1970-ஆம் ஆண்டில் ஆங்கிலத் தொடக்கப் பள்ளிகளின் முதலாம் வகுப்பில் மலாய் போதனா மொழியாயிற்று. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 1976-ஆம் ஆண்டில் அது படிவம் ஒன்றை எட்டியது. அதுவரை ரிமூவ் வகுப்பில் ஆங்கிலம் பழகிய நம் பிள்ளைகள், அதன் பின் மலாய் பழகினார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஆங்கிலத்தில் படித்திருப்பான், தம்பி மலாயில் படிப்பான். அண்ணனின் பழைய புத்தகங்கள் தம்பிக்கு ஆகவில்லை. அண்ணனால் தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவும் இயலவில்லை. ஏழைக் குடும்பத்துக்கு இது சிறிய நட்டமன்று. முதல் பிள்ளை தடவித் தடவி வழி கண்டுபிடித்தால், அடுத்த பிள்ளை அதே வழியில் நடக்கலாம். அந்தத் தலைமுறையில் ஒவ்வொரு பிள்ளையும் முதல் பிள்ளையாகவே இருந்தது.

கதவு திறந்திருந்தும் பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்று அரசாங்கமே ஆராய்ந்தது. கல்வி அமைச்சின் அந்த ஆய்வு 1973-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பள்ளியை விட்டு நிற்பதற்கும் வறுமைக்கும் உள்ள தொடர்பை அது எடுத்துக் காட்டியது. 1975-ஆம் ஆண்டில் பாடநூல் இரவல் திட்டம் வந்தது. படிவம் ஒன்றுக்குரிய புத்தகக் கட்டை இலவசமாகச் சுமந்துகொண்டு வந்து லயத்துத் திண்ணையில் வைத்த பிள்ளைகளில் நம்மில் பலரும் ஒருவர். பின் அட்டையின் உட்புறத்தில் நமக்கு முன் அதைப் படித்தவர்களின் பெயர்கள் இருக்கும். அவற்றில் ஒரு தமிழ்ப் பெயரைக் கண்டால் ஏனோ ஒரு தைரியம்.

இவ்வளவும் சட்டமும் திட்டமும். இனி அந்த ஓராண்டு உள்ளே எப்படி இருந்தது என்று சொல்கிறோம்.

எங்கள் தோட்டத்திலிருந்து 1993-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பதினொரு பேர் பட்டணத்துப் பள்ளிக்குப் போனோம். அதற்கு முந்திய ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதியவர்கள் நாங்கள். 1988-ஆம் ஆண்டில் அறிமுகமான தேர்வு அது. மலாய்த் தாள்களில் போதிய புள்ளி எடுத்த மூவர் நேரே படிவம் ஒன்றில் சேர்ந்தார்கள். மற்ற எட்டுப் பேருக்குப் புகுமுக வகுப்பு. ஒன்றாகவே வளர்ந்தவர்கள், ஒரே நாளில் இரண்டு மாடிகளில் இரண்டு வகுப்பாகப் பிரிந்தோம்.

பெரிய பள்ளிகளில் வகுப்பறைகள் போதாமல் கீழ்ப் படிவங்களுக்கு மதியப் பள்ளி நடந்தது. பெற்றோர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். தமிழ்ப் பள்ளியில் படித்தவரை, தாய் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் பிள்ளையும் எழுந்துவிடும்; பிள்ளை பள்ளி விட்டு வரும் நேரத்துக்குத் தாயும் பால் நிறுத்துவிட்டு வந்துவிடுவார். மதியப் பள்ளிக்கு மாறியதும் இந்தக் கணக்கு முழுதும் தலைகீழாயிற்று. காலையில் வீட்டில் பிள்ளை மட்டும். தாய் வீடு திரும்பும்போது பிள்ளை லாரி ஏறிப் போயிருக்கும். அது திரும்பும்போது விளக்கு வைத்திருப்பார்கள். சோறு போட்டு வைத்தது உண்டானா, வீட்டுப்பாடம் செய்தானா, பள்ளிக்குத்தான் போனானா என்று பார்க்க ஆள் கிடையாது. எங்கள் எட்டுப் பேரில் இருவர் ஏறக்குறைய ஒரு மாதம், சீருடையோடு புறப்பட்டு, செம்பனைக் காட்டு ஓடைக்கரையில் இருந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பினார்கள். அவர்களுடைய பெற்றோர் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். அவர்கள் பார்த்தபோதெல்லாம் பிள்ளைகள் சீருடையில்தான் இருந்தார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு வேறொரு தொல்லை. வயதுக்கு வரும் பருவம். இருட்டிய பின் வீடு திரும்புவதை அண்டை வீட்டார் பேசுவார்கள் என்ற அச்சம். எங்களோடு வந்த நான்கு பெண் பிள்ளைகளில் ஒருத்தி அந்த ஆண்டு தீபாவளிக்கு முன்பே நின்றுவிட்டாள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று காரணம் சொன்னார்கள். அந்தத் தம்பி தங்கைகள் அவள் தமிழ்ப் பள்ளிக்குப் போன காலத்திலும் இருந்தவர்களே.

பள்ளிக்குள்ளே எல்லாம் பெரிது. எங்கள் தோட்டத்து மக்கள் தொகையைவிட அங்கே பிள்ளைகள் அதிகம். தமிழ்ப் பள்ளியில் எல்லாப் பாடத்துக்கும் ஏறக்குறைய ஒரே ஆசிரியர். அவருக்கு எங்கள் தாத்தா பெயர் வரை தெரியும். இங்கே மணி அடித்தால் ஓர் ஆசிரியர் போய் இன்னொருவர் வருவார். முதல் நாள் ஆசிரியை வெளியே போனதும் பள்ளி விட்டுவிட்டது என்று எண்ணிப் பையைத் தூக்கியவர்கள் நாங்கள். வகுப்பே சிரித்தது. இன்று நினைத்தால் எங்களுக்கும் சிரிப்பு வருகிறது.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. எங்களில் ஒருவன் கணக்கில் கெட்டிக்காரன். அவனை மிஞ்ச ஆளில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் அவனுக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு மலாயில் அனுமதி கேட்க வேண்டும். அந்த வாக்கியம் அவனுக்குத் தெரியாததன்று. ஆறாண்டுகள் மலாய் படித்தவன், எழுதச் சொல்லியிருந்தால் பிழையின்றி எழுதியிருப்பான். அத்தனை புதிய முகங்களுக்கு நடுவே எழுந்து நின்று சொல்ல வாய் வரவில்லை. அடக்கிக்கொண்டே இருந்தான். பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு அடுத்த வாரம் அவன் லாரி ஏறவில்லை. என்ன காரணம் என்று அவன் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் சொல்லவும் இல்லை, நாங்களும் சொல்லவில்லை. ரிமூவ் வகுப்பில் போட்டதால் ரோசப்பட்டு நின்றுவிட்டான் என்று தோட்டமே நம்பிற்று. அடுத்த ஆண்டு முதல் அவன் பழக்குலை தூக்கினான்.

நாங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் படித்தபோது, பிள்ளைகள் பள்ளி மாறும் பருவத்தைப் பற்றிப் பல பக்கங்கள் படித்தோம். தேர்வில் நல்ல புள்ளியும் எடுத்தோம். அந்தப் பக்கங்களைப் படித்தபோதெல்லாம் நினைவுக்கு வந்தவன் அவனே. மொழி மாறுவதற்காக ஓராண்டை ஒதுக்கியவர்கள் நல்லதைத்தான் செய்தார்கள். ஆனால் அந்த ஆண்டில் மாறுவது மொழி மட்டுமன்று. நேரம் மாறுகிறது, வழி மாறுகிறது, தன்னை அறிந்தவர்கள் நடுவிலிருந்து அறியாதவர்கள் நடுவில் போய் உட்காருகிறது பிள்ளை. அவற்றுக்குப் பாடத்திட்டம் கிடையாது.

இந்தக் குறையைச் சமூகத்தில் சிலர் கண்டுகொண்டார்கள். 1979-ஆம் ஆண்டில் கல்வி, சமூகநல, ஆய்வு அறவாரியம் தோன்றியது. 1982-ஆம் ஆண்டில் ஸ்ரீ முருகன் நிலையம் தொடங்கியது. பல்கலைக்கழகத்து இளைஞர்களும் ஆசிரியர்களும் வார இறுதிகளில் வகுப்பு நடத்தினார்கள். அவற்றின் பயனைப் பெற்றவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். பட்டணத்துக்கு அருகே இருந்த பிள்ளைகளுக்கு அந்த உதவி எளிதில் எட்டியது. உட்காட்டுத் தோட்டங்களுக்கு அவ்வளவாக எட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தமிழ் விஷயத்திலும் ஒன்று சொல்லிவிடுகிறோம். இடைநிலைப் பள்ளியில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும் என்பது பழைய கல்விச் சட்டத்திலிருந்தே வருவது. பெற்றோர் கேட்க வேண்டும்; கேளாத இடத்தில் வகுப்பு நடக்கவில்லை. எங்கள் பள்ளியில் சனிக்கிழமை காலையில் அந்த வகுப்பு நடந்தது. வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் நாங்கள் வாய் விட்டுப் பேசினோம். அந்த வகுப்புக்காகவே பள்ளியை விடாமல் இருந்தவர்கள் உண்டு என்றால் மிகையாகாது.

காலம் மாறிவிட்டது. 2003-ஆம் ஆண்டில் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டிலும், மூன்றாம் படிவத்துத் தேர்வு அதற்கு அடுத்த ஆண்டிலும் நீக்கப்பட்டன. 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் 500-க்குச் சற்று மேல் என்றாகிவிட்டன. தோட்டங்கள் போன இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் நிற்கின்றன. ஆறாம் ஆண்டை முடித்து நேரே படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளைகள் அதிகம். இது நல்ல செய்தி என்றே எல்லாரும் சொல்கிறார்கள். எங்களுக்கு இதில் ஒரு சிறு கவலை உண்டு. தடுமாறவும் எழவும் எங்களுக்கு ஓராண்டு கிடைத்தது. நேரே போகும் பிள்ளைக்கு அந்த ஓராண்டும் இல்லை. முதல் நாளே பாடம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டின் கடைசி மாதத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையும் வகுப்பின் முன் எழுந்து நின்று, கழிவறைக்குப் போக மலாயில் உரக்க அனுமதி கேட்க வேண்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்க விடுகிறோம். படிவம் ஒன்றில் படிக்கும் பழைய மாணவர்களை அழைத்து, கேண்டீனில் எங்கே வரிசை நிற்பது, எந்த மணிக்கு என்ன பொருள் என்று சொல்லச் சொல்கிறோம். யாரோடு யார் பேருந்தில் போவது என்று பெற்றோர்கள் எங்கள் முன்னிலையிலேயே பேசி முடிவு செய்கிறார்கள். பன்னிரண்டு வயதில் எடுக்க வேண்டிய அடையாள அட்டை எடுத்தாயிற்றா என்றும் அப்போதே பார்த்துவிடுகிறோம். பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் இருந்தால் அது வெளிப்படும் நேரமும் அதுவே. இவற்றில் பணச் செலவு ஒன்றும் இல்லை.

எங்கள் பதினொரு பேரில் ஐந்தாம் படிவத்தை முடித்தவர்கள் நான்கு பேர். அவர்களில் மூவருக்கு அதே பள்ளியில் அண்ணனோ அக்காளோ இருந்தார்கள். நான்காவது ஆளுக்கு யாரும் இல்லை. அந்த நான்காவது ஆள் இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் நாம்தான்.

பிப்ரவரி மாதம் என்று நினைவு. மழை பெய்து வெட்டு நின்றுபோன ஒரு நாள். நம் தாயார் தோட்டத்து எல்லைவரை நடந்து, பேருந்து பிடித்து, பள்ளிக்கு வந்துவிட்டார். நனைந்த சேலை, கையில் குடை. காவல் கொட்டகை அருகே அவர் நிற்பதை மாடியிலிருந்து பார்த்த நமக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. வகுப்பாசிரியை ஒரு மலாய் அம்மையார். இறங்கிப் போய்ப் பேசினார். தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கம்பத்திலிருந்து சைக்கிளில் மீன் விற்க வருபவரிடமும் மளிகைக் கடைச் சீனரிடமும் இருபது ஆண்டுகள் பேசிப் பழகிய சந்தை மலாய் அவரிடம் இருந்தது. இலக்கணம் ஏதும் இல்லாத அந்த மலாயில் அவர் தயக்கமின்றிப் பேசினார். இருவரும் அரை மணி நேரம் பேசியிருப்பார்கள். இடையில் இரண்டு முறை சிரித்தார்கள். ஆறாண்டு மலாய் படித்த நாம் மாடியில் வாய் திறவாமல் நின்றோம்.

அடுத்த திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டைத் திறந்த ஆசிரியை, நம் பெயரைக் கூப்பிட்டதும் நிறுத்தி, உன் தாயார் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். எழுந்து நின்று ஒரே சொல்லில் பதில் சொன்னோம். அதற்கு அடுத்த திங்கட்கிழமையும் கேட்டார். அன்று இரண்டு சொற்கள். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள், தோட்டத்தில் வாரம் முழுதும் மழை என்றும், வெட்டு இல்லாததால் தாயார் வெளிக்காட்டு வேலைக்குப் போகிறார் என்றும், அவருக்குக் காலில் முள் குத்தியிருக்கிறது என்றும், வகுப்பு முழுதும் திரும்பிப் பார்க்க, நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தோம். ஆசிரியை அந்த முள்ளுக்கு என்ன மருந்து போட்டார்கள் என்று மறுபடி கேட்டார்.